வராத தாயும் வந்த கோழிகளும்

அவைக்குத் தலைமையேற்று, சற்றுமுன் படியேறி வந்த என் வலக்கையைத் தம் இரு கைகளாலும் இறுகப் பற்றி, குலுக்கு குலுக்கென்று குலுக்கி வரவேற்ற எங்கள் வாசகர் மன்றத் தலைவர் அவர்களே! கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக, தயவுசெய்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேச்சு இன்னும் தொடங்கவில்லை. இது வெறும் சுகாதார அறிவிப்பு.

புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுப் போட்டே விரல் பழுத்துப்போன செயலாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட பெருமக்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் விவரமான பெரியோர்களே! மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் அமர்ந்து, அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் பொறுமைமிகு தாய்மார்களே! 'சீக்கிரம் முடிச்சிட்டு இறங்குங்க' என்று கண்ணாலேயே ஆணையிட்டுக்கொண்டிருக்கும், இரண்டாம் வரிசையில் வீற்றிருக்கும் என் இல்லத்தரசி அவர்களே! கடைசி வரிசையில், கதவோரமாக, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஒடுங்கி அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே! உங்கள் அனைவருக்கும், கையைக் கூப்பாமல், வாயால் மட்டும், என் வணக்கத்தைச் செலுத்துகிறேன்.

கையை ஏன் கூப்பவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் இறங்கினால் தலைவர் என் கையைக் குலுக்கிய கையோடு தேநீர் குடித்துவிடுவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இன்று காலை, குளியலறையை ஒட்டிய அந்தச் சிறிய அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். அறையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சும்மா அமர்ந்திருக்கவில்லை. கையில் கைபேசி. கைபேசியில் ஒரு நாவல். அந்த நாவல் என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் கை நழுவி, அந்தப் பீங்கான் தொட்டி நாவலையே உள்ளே இழுத்துக்கொண்டது. என்ன செய்வேன்? முழங்கை வரை கையைவிட்டு எடுத்தேன்.

வெளியிலிருந்து என் மனைவி கேட்கிறார்: "உள்ள என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. படிச்சிட்டிருக்கேன்."

"படிக்கிறதுக்கு எதுக்குங்க இவ்வளவு தண்ணி?"

கைபேசி பிழைத்துக்கொண்டது. தலைமுடி உலர்த்தும் கருவியின் முன்னால் கொஞ்ச நேரம் கிடந்து, இருமி, செருமி, கண் விழித்துவிட்டது. இதோ, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தலைவர் தம் நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவருக்குக் கிருமிநாசினிக்கா பஞ்சம்?

அவமானம் கை நனைந்ததில் இல்லை, அன்பர்களே. அவமானம் அழைப்பிதழில் இருக்கிறது! விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். என் பெயருக்கு மேலே என்ன அச்சிட்டிருக்கிறது? 'காகிதப் புத்தகத்தின் காவலர்'! காவலர் காலையில் எங்கே இருந்தார், எதை வைத்துக்கொண்டு இருந்தார் என்பதை இப்போது சொல்லிவிட்டேன். அந்தப் பட்டத்தை இந்த மேடையிலேயே கழற்றி வைக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். இலேசாக ஈரமாக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதற்காக என்னை இங்கே அழைத்தார்கள்? ஒரு தீர்மானத்தை முன்மொழிய அழைத்தார்கள். தீர்மானம் இதுதான்: 'கைபேசியில் மின்னூல் படிப்போர் இம்மன்றத்தில் வாசகர் எனக் கருதப்படார், பார்வையாளராக அமரலாம், பேசும் உரிமையும் வாக்குரிமையும் அவர்க்கு இல்லை.' நடிப்பும் சொல்லிக் கொடுத்தார் செயலாளர். "ஒரு கையில புத்தகத்த உசத்திக் காட்டுங்க. இன்னொரு கையில போனைத் தாழ்த்திக் காட்டுங்க. ஜனங்களுக்குப் பளிச்சுனு புரியும்" என்றார். தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டுவது இலகுவாக வரும். கல்யாணமாகிப் பல காலமாகிறது.

ஆனால் சொல்கிறேன், கேளுங்கள். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியப் போவதில்லை! வழிமொழியப் போவதில்லை! இதன் வழியில் குறுக்கே படுத்துக்கொள்ளப் போகிறேன்!

என்ன சலசலப்பு? முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். ஐயா, உட்காருங்கள். தேநீர் இன்னும் வரவில்லை. இப்போதே எழுந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

எங்கள் மன்றத்தின் வழக்கம் தெரியாதவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். மன்றம் ஒரு நூலை வாங்கும். ஒரே ஒரு படிதான். செயலாளர் அதற்குப் பழுப்பு அட்டை போடுவார். பிறகு அது கைமாறும். எப்படிக் கைமாறும்? தருபவர் இரு கைகளால் தர வேண்டும், பெறுபவர் இரு கைகளால் பெற வேண்டும், பெற்றதும் நடுவில் விரித்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ஆகா!" என்று சொல்ல வேண்டும். அந்த 'ஆகா' இல்லாமல் எங்கள் மன்றத்தில் எந்த நூலும் கைமாறியதில்லை. கவனியுங்கள்: நடுவில் விரித்து. கண்ணை மூடி. இந்த இரண்டையும் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

எல்லாருக்கும் நூல் சுற்றி வந்தபின் கூட்டம் கூடும். பேசுகிறவர் நூலை மேசைமேல் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் பதித்துக்கொண்டு பேச வேண்டும். இதுதான் எங்கள் முறை. நல்ல முறைதான். கை நடுக்கம் வெளியே தெரியாது.

இந்த மன்றத்துக்கு என் அண்ணி வந்தார். நான்தான் அழைத்து வந்தேன்.

அண்ணி யார்? என் அண்ணனின் மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவர். காலையில் பேருந்து, மாலையில் பேருந்து. உட்கார இடம் கிடைக்காத பேருந்து. ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். தோளில் பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் புட்டி, குடை. மிச்சமிருப்பது எது? ஒரே ஒரு கை! அந்த ஒற்றைக் கையில், கம்பியைப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி, தலையணை அளவு தடித்த நாவலை விரித்துப் படிக்க முடியுமா? செயலாளர் அவர்களே, முடியுமா? நீங்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். பக்கம் புரட்டப் பல்லைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். பிறகு அண்ணியின் மருத்துவமனைக்கே வந்து சேர்வீர்கள்.

அண்ணி கைபேசியில் படித்தார். பதிப்பகத்திடமே காசு கொடுத்து வாங்கிய மின்னூல். கட்டைவிரல் ஒன்று போதும். தள்ளினால் பக்கம் நகரும். ஏறும் நிறுத்தத்தில் ஓர் அத்தியாயம் தொடங்கும், இறங்கும் நிறுத்தத்தில் ஓர் உயிர் போயிருக்கும். அப்படிப் படித்தார்.

எங்கள் குடும்பம் என்ன நினைத்தது தெரியுமா? எந்நேரமும் போனும் கையுமாக ஒரு பெண், அதைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள், திடீரென்று கண்ணைத் துடைக்கிறாள். வேறென்ன நினைக்கும்? என் மனைவி என் காதில் கிசுகிசுத்தார். நான் என் அண்ணன் காதில் கிசுகிசுத்தேன். கிசுகிசுப்பதில் நான் யாருக்கும் இளைத்தவனில்லை. அண்ணன் நேராகப் போய்க் கேட்டுவிட்டார்:

"யாரு கூட இவ்வளவு பேச்சு?"

அண்ணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாராம்: "பேசலங்க. ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். கொஞ்சம் சும்மா இருங்க."

அண்ணன் பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரி?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் உதிரிபாகக் கடைக்காரர். நாவல் என்றால் எந்த வண்டிக்கு என்று கேட்பவர்.

மருத்துவமனையில் இன்னொரு கூத்து. வரவேற்பு மேசைக்குப் பின்னால் அமர்ந்து, கைபேசியைப் பார்த்து அண்ணி தேம்பிக்கொண்டிருக்கிறார். கடைவாய்ப்பல் பிடுங்க வந்த மனிதர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறக்கிறார், பார்க்கிறார். வரவேற்பறையிலேயே இப்படி அழுகை என்றால் உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, "வலி நின்னுடுச்சும்மா, நான் அப்புறமா வர்றேன்" என்று சொல்லிப் போனவர் போனவர்தான். பல் மருத்துவர் வெளியே வந்து கெஞ்சியிருக்கிறார்: "ஏம்மா, படிக்காதேன்னு சொல்லல. சிரிப்புக் கதையாப் பார்த்துப் படியேன். தொழில் நடக்கணும்ல!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கதை படித்துக் கடைசியாக நீங்கள் அழுதது எப்போது? நான் அழுதது எப்போது? நாம் முகர்ந்திருக்கிறோம். புகழ்ந்திருக்கிறோம். நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கண்ணில் நீர் வந்திருக்கிறதா? அட்டையின் தூசி பட்டு வந்தது கணக்கில் சேராது!

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். சென்ற முறை நாம் பேச எடுத்துக்கொண்ட நாவல் உங்கள் நினைவில் இருக்கும். துறைமுகத் தொழிலாளி ஒருவர். அவருக்கு ஒரு மகள். மகள் சிறுமியாக இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போய்விட்ட தாய். மகள் வளர்கிறாள், தனித்து வாழ்கிறாள். கடைசிப் பக்கத்தில், வீட்டைக் காலி செய்துகொண்டு புறப்படும்போது, வாசற்கதவைப் பூட்டாமல் அகலத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். கதை முடிகிறது.

அந்தத் திறந்த கதவைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசினோம்! செயலாளர் அவர்கள், "திருடிச் செல்ல எதுவுமற்ற வறுமையின் குறியீடு" என்றார். தலைவர் அவர்கள், "புதிய காற்றுக்கான அழைப்பு" என்றார். நான் சும்மா இருப்பேனா? உள்ளங்கையைப் பழுப்பு அட்டைமேல் பதித்து, குரலைத் தழுதழுக்க வைத்து, 'வராத தாயின் வலி' என்ற தலைப்பில் முழங்கினேன். வாழ்நாளெல்லாம் வராத தாய்! வாசலுக்கும் வராத தாய்! கனவிலும் வராத தாய்! என் மனைவிகூடக் கை தட்டினார். வீட்டில் அவர் கை தட்டுவது கொசு அடிப்பதற்கு மட்டும்தான்.

அப்போது அண்ணி எழுந்தார். மேசைக்கு வந்தார். கைபேசியை மேசைமேல் வைத்து, மற்றவர்களைப் போலவே உள்ளங்கையை அதன்மேல் பதித்தார். செயலாளருக்கு முகம் சுருங்கியது.

அண்ணி கேட்டார்: "அந்த அம்மா திரும்பி வந்து கதவத் தட்டுற இடத்துல, மக உள்ளதான் இருக்கா, ஆனா திறக்கல. ஏன் திறக்கலன்னு யாராவது சொல்றீங்களா? எனக்கு அது மனசுலயே நிக்குது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எந்த அம்மா?" என்றார் தலைவர்.

"கதையில வர்ற அம்மாதாங்க. நடுவுல, மழையில நனைஞ்சுக்கிட்டு வர்றாங்களே."

"அம்மா வரவே இல்லையேம்மா! இவ்வளவு நேரம் அதத்தானே பேசினோம்?"

செயலாளர் எழுந்தார். எழுந்து, சபை நடுவே, சத்தமாகச் சொன்னார்: "போன்ல வர்றதெல்லாம் இப்படித்தான். எவனோ ஏத்துறான், கண்டதையும் சேர்க்கிறான். மேடம், நீங்க படிச்சது புத்தகமே இல்ல."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெரிதாகவே சிரித்தேன்; என் 'வராத தாயை' நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

அண்ணி, "அப்படிங்களா சார்? மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, கைபேசியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய் அமர்ந்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னிடம் மட்டும் மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, அப்ப நான் அழுததெல்லாம் இல்லாத ஒண்ணுக்கா?"

நான் என்ன செய்தேன்? செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சில நாள் கழித்து அண்ணன் கடையிலிருந்து கூப்பிட்டார். "டேய், உங்க அண்ணி இப்பல்லாம் பஸ்ல சும்மா வர்றாடா. போனை எடுக்கிறதே இல்ல. கேட்டா, 'எது நிஜம், எது எவனோ சேர்த்ததுன்னு தெரியாம எப்படிங்க படிக்கிறது'ங்கறா. முன்னாடி யாரோ சாகறான்னு என்னை வெரட்டுவா. இப்ப வீடே அமைதியா இருக்குடா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு." நாவல் எந்த வண்டிக்கு என்று கேட்கும் என் அண்ணன், நாவலுக்காக என்னிடம் முறையிட்டார்!

அந்தக் கூட்டத்தில் விழுந்த விதைதான் இன்றைய தீர்மானம். 'கைபேசி நூல்கள் கலப்படம். ஆதலால் கைபேசி வாசகர் வாசகரல்லர்.' இது நிறைவேறினால் என் அண்ணி இனி இந்த மேசைக்கு வர முடியாது. கதவோரம் அமர்ந்து, நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வாய் மூடி இருக்கலாம். அதைவிட வலி, தாம் படித்ததெல்லாம் பொய் என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

இனிமேல்தான் கோழி வருகிறது.

உசத்திக் காட்டுவதற்காக அந்தத் துறைமுக நாவலை என்னிடம் கொடுத்தனுப்பினாரல்லவா செயலாளர்? வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். வலக்கையில் நூல், இடக்கையில் கைபேசி. உயர்த்தினேன், தாழ்த்தினேன். என் அழகை நானே வியந்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். பழுப்பு அட்டை வழுக்கிவிட்டது. புத்தகம் என் தலையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்து, நடுவில் விரிந்து கிடந்தது. என் மனைவி வந்து எடுத்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, கோழி வளர்க்கப் போறீங்களா?"

"என்னது?"

"அடுக்குமாடி வீட்டுல எங்கங்க கோழி வளர்ப்பீங்க? சொல்லிட்டேன், பால்கனியில என் செடி இருக்கு."

தலைவர் அவர்களே! இதோ அந்த நூல். பயப்படாதீர்கள், இது தொட்டியில் விழவில்லை. வழக்கம்போல் இரு கைகளால் தருகிறேன், இரு கைகளால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் நடுவில் விரியுங்கள். ஆனால் இன்று ஒரு மாற்றம்: கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முகர வேண்டாம். வாசியுங்கள்! ஒலிபெருக்கி முன்னால், உரக்க!

கேட்டீர்களா? 'குஞ்சுகள் பொரித்த முதல் வாரத்தில் கூண்டின் வெப்பம் குறையாமல் பார்த்துக்கொள்க.' அடுத்த வரி? 'தண்ணீர்த் தட்டில் எச்சம் விழாதவாறு...' போதும், தலைவரே, போதும். தேநீர் வரப்போகிறது.

புரிகிறதா பெருமக்களே? பைண்டிங் செய்த இடத்தில் நடந்த தவறு. தாய் திரும்பி வரும் அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றின் பக்கங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தாய் மழையில் நனைந்துகொண்டு நின்ற இடத்தில் கோழிக்குஞ்சுகள் கதகதப்பாக இருக்கின்றன! நம் மன்றத்தின் பெருவாசகர் எத்தனை பேர் கைக்கு இந்த நூல் போயிருக்கிறது? அத்தனை பேரும் இரு கைகளால் வாங்கினோம். இதே நடுப்பக்கத்தைத்தான் விரித்தோம். இதே கோழிகளுக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, "ஆகா" என்றோம்! ஒருவர் கண்ணிலாவது ஓர் இறகு பட்டதா? வாசம் பிடித்தோம், அன்பர்களே. வாசித்தவர் ஒருவரே ஒருவர். அவரைப் பார்த்துச் சொன்னோம், "நீ படித்தது புத்தகமே இல்லை" என்று!

யாரது, பின்னாலிருந்து? "நீங்க மட்டும் படிச்சீங்களா?" என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. முதல் அத்தியாயத்தில் கொஞ்சம், கடைசிப் பக்கத்தில் கொஞ்சம். நடுவில் என்ன இருக்கிறதென்று பார்த்திருந்தால், 'வராத தாயின் வலி' என்று முழங்கியிருப்பேனா? 'வந்த கோழியின் வழி' என்றாவது முழங்கியிருப்பேன்.

காகிதத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. காகிதம் நம்மை வளர்த்தது. கைபேசி மட்டும் என்ன உத்தமமா? சொல்கிறேன் கேளுங்கள்: கதாநாயகி உயிரை விடப்போகும் வரியில், 'உங்கள் பொட்டலம் வந்துகொண்டிருக்கிறது' என்று மேலேயிருந்து ஒரு செய்தி குதிக்கும். சார்ஜ் தீர்ந்து கல்யாணம் பாதியில் நிற்கும். எல்லாம் உண்டு. ஆனால் அதில் ஒரு நேர்மையும் உண்டு. அட்டைப் படத்துக்கு அடியில் சின்னதாக ஓர் எண் காட்டும்: இத்தனை சதவீதம் படித்திருக்கிறாய் என்று. அதை மறைக்க முடியாது, மழுப்ப முடியாது, உள்ளங்கையைப் பதித்துத் தப்பிக்க முடியாது. பழுப்பு அட்டை எவரையும் காட்டிக் கொடுக்காது. கைபேசி காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் அதைக் கண்டால் நமக்கு இத்தனை அச்சமோ?

எழுத்து எதில் இருந்தால் என்ன? காகிதத்தில் இருந்தால்தான் எழுத்து, கண்ணாடியில் இருந்தால் எறும்பா? நூலைத் தாங்குவது கையா, கருத்தா? பேருந்துக் கம்பியில் தொங்கும் கைக்கு வாசிக்க உரிமை இல்லையா? அடுப்படியில் ஒரு கண்ணும் கதையில் ஒரு கண்ணுமாக நிற்பவளுக்கு இல்லையா? குழந்தையைத் தோளில் தட்டித் தூங்க வைத்துக்கொண்டே கட்டைவிரலால் பக்கம் தள்ளும் தகப்பனுக்கு இல்லையா? மேசையும் நாற்காலியும் ஓய்வும் உள்ளவனுக்கு மட்டும்தான் கதையா? அப்படியொரு மன்றம் இருக்குமானால், அதில் எனக்கு நாற்காலி வேண்டாம்! கதவோரத்தில் என் அண்ணிக்குப் பக்கத்தில் ஓர் இடம் போதும்! தீர்மானத்தை நிறைவேற்றுங்கள், நிறைவேற்றிவிட்டு என் பெயரையும் சேர்த்து அடியுங்கள். பேசாமல் உட்கார்ந்திருக்க நான் தயார். என்னைப் பேசாமல் உட்கார வைக்க இந்த மன்றம் படப்போகும் பாட்டை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்!

கை தட்ட வேண்டாம். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அண்ணி கேட்ட கேள்விக்கு இந்த மன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை. தாய் வந்து தட்டியபோது மகள் ஏன் திறக்கவில்லை? கோழிகளைக் கண்ட பிறகு நான் யோசித்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் கதவை ஏன் திறந்து வைத்துவிட்டுப் போனாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அது வறுமையும் இல்லை, புதிய காற்றும் இல்லை, செயலாளர் அவர்களே. அன்றைக்குத் திறக்காத கதவு அது. இனி எவர் வந்தாலும் தட்ட வேண்டியிருக்கக் கூடாது என்று திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். நடுவில் அந்தத் தாய் வராவிட்டால், கடைசியில் அந்தக் கதவு வெறும் பலகை! பலகையைப் பார்த்துத்தான் நாம் இத்தனை நாள் குறியீடு என்று கூவினோம்.

அண்ணி! நீங்கள் அழுதது இருந்த ஒன்றுக்குத்தான். இல்லாத ஒன்றுக்கு முழங்கியது நான்தான்.

அண்ணி, போன் கொண்டுவந்திருக்கீங்களா? வெளியே எடுங்க. உசத்திக் காட்டுங்க. இன்னும் உசத்தி... பாருங்கள் பெருமக்களே! திரும்பிப் பாருங்கள்! அந்தக் கை பேருந்துக் கம்பியைப் பிடித்துப் பழகிய கை. எவ்வளவு உயரத்தையும் எட்டும்.

செயலாளர் எழுகிறார். எழட்டும். என்ன சொல்கிறார்? "அம்மா, அந்த அத்தியாயத்த... கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?" என்கிறார். கேட்டீர்களா? 'மேடம்' போய் 'அம்மா' வந்துவிட்டது! தீர்மானத் தாளை நான்காக மடிக்கிறார். மடித்து... தலைவரின் ஆடும் நாற்காலிக் காலுக்கடியில் வைக்கிறார். காகிதத்தின் பயனை நான் எப்போதும் மறுத்ததில்லை.

வாருங்கள், அண்ணி. நடுவழியாகவே வாருங்கள். இந்த மேசை, இந்த ஒலிபெருக்கி, இரண்டும் உங்களுக்கு. நீங்கள் வந்து சேர்வதற்குள் நான் நன்றி சொல்லி முடித்துவிடுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. விசிறிய கைகளுக்கு நன்றி. புத்தகம் தலையில் விழுந்தபோது என்னை விட்டுவிட்டுப் புத்தகத்தை முதலில் எடுத்துப் பார்த்த என் மனைவிக்கு நன்றி. எந்தத் தகராறுக்கும் போகாமல் அடைகாத்த அந்தக் கோழிகளுக்கும் நன்றி.

என்ன தலைவரே? என் போனையா? ஏன், எதற்கு? "நீங்களும் இதுலதான் படிக்கிறீங்களே, நான் ஒருமுறை பார்க்கலாமா" என்கிறார். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். கைக்குட்டையால் பிடித்துக்கொள்கிறார், விவரமானவர். அதோ, அந்த அட்டைப் படம்தான். திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே பாருங்கள்... கண்ணாடியை எதற்கு மாட்டுகிறீர்கள்? கீழே என்ன இருக்கிறது? அது ஒன்றுமில்லை... தலைவரே, ஒலிபெருக்கி பக்கத்தில் இருக்கிறது, மெதுவாக—

நான்கு சதவீதம்.

சரி. சொல்லிவிட்டார். முன்னுரை கொஞ்சம் நீளம், அன்பர்களே. காலையில் தொட்டியில் விழுந்ததும் முன்னுரையில்தான். வணக்கம்.